ஒரே கணினி என்னும் தவறான சிக்கனம்

ஒருவருக்கு ஒரு கணினி போதும் என்பது இன்று ஏறத்தாழ மறுப்பின்றி ஏற்கப்பட்ட கருத்து. நல்லதாக ஒன்றை வாங்கி எல்லா வேலைகளையும் அதிலேயே பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம், இரண்டாவது கணினி ஆடம்பரம், மூன்றாவது கிறுக்குத்தனம் என்றே பலரும் நினைக்கிறார்கள். அதற்கு நான்கு காரணங்கள் காட்டப்படுகின்றன. இன்றைய கணினி எந்த வேலைக்கும் போதிய திறன் கொண்டது. வேலைகளைப் பிரிக்க வேண்டுமானால் மென்பொருளாலேயே பிரித்துக்கொள்ளலாம். கூடுதல் கணினி பணத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் சுமை. கோப்புகள் இரண்டு இடத்தில் இருந்தால் எது புதியது, எது பழையது என்ற குழப்பமே மிஞ்சும்.

நான்கும் பொருட்படுத்தத் தக்க வாதங்கள்தாம். ஆனால் ஒரு கணினியால் எத்தனை வேலைகளைச் செய்ய முடியும் என்ற கேள்வியோடு அவை நின்றுவிடுகின்றன. எந்த வேலைகள் ஒரே கணினியில் சேர்ந்திருக்கலாம், எவை சேர்ந்திருக்கக் கூடாது என்ற கேள்வியை அவை எழுப்புவதே இல்லை. அதை எழுப்பியதும் நான்கும் வலுவிழக்கின்றன. வேலைகளைக் கணினிகளுக்கிடையே பகிர்ந்து வைப்பது பாதுகாப்பானது, நம்பகமானது. பெரும்பாலும் புதிதாக எதையும் வாங்காமலே செய்யக்கூடியதும்கூட.

கருத்து வந்த வழி

ஒரு கணினிக் கொள்கை விலையில் பிறந்தது. 1960களில் ஒரு பெரிய கணினியின் விலை லட்சக்கணக்கான டாலர். பலர் அதன் நேரத்தைப் பகிர்ந்துகொண்டு வேலை செய்தார்கள். 1981இல் ஐபிஎம் நிறுவனத்தின் பிசி 1,565 டாலர் தொடக்க விலையில் வந்தபோது, ஒரு மேசைக்கு ஒரு கணினி என்பதே பெரிய பாய்ச்சலாக இருந்தது. அந்த விலைக்கு இரண்டாவதைப் பற்றி யாரும் பேசியிருக்க முடியாது. விலை பலமடங்கு இறங்கிய பிறகும், விலை தந்த கட்டாயம் மட்டும் கொள்கையாக நிலைத்துவிட்டது.

துறையின் முன்னோடிகள் பலர் அங்கே நிற்கவில்லை. ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் மார்க் வைசர் 1991இல் 'சயின்டிபிக் அமெரிக்கன்' இதழில் எழுதிய கட்டுரையில், ஒரு மனிதரைச் சுற்றிப் பல கணினிகள் இருக்கும் காலத்தை விவரித்தார். உள்ளங்கை அளவில் சில, தாள் அளவில் சில, கரும்பலகை அளவில் ஒன்றிரண்டு என்று அவருடைய குழு கருவிகளைச் செய்தும் பார்த்தது. யூனிக்ஸை உருவாக்கிய பெல் ஆய்வகமே 1980களின் பிற்பாதியில் பிளான் 9 என்ற இயங்குதளத்தைத் தொடங்கியது. ராப் பைக், கென் தாம்சன் முதலியோர் வடிவமைத்த அந்த அமைப்பின் அடித்தளமே வேலைப் பிரிவினைதான்: கோப்புகளைக் காக்க ஒரு கணினி, கனமான கணக்குகளுக்கு ஒரு கணினி, பார்க்கவும் தட்டச்சு செய்யவும் மேசைமேல் ஒரு கணினி.

சந்தை எதிர்த்திசையில் இழுத்தது. எல்லாவற்றையும் ஒரே கருவிக்குள் அடக்கிவிடும் முயற்சிகள் அடுத்தடுத்து வந்தன. 2011இல் மோட்டோரோலா அட்ரிக்ஸ் கைப்பேசி, அதைச் செருகினால் மடிக்கணினியாக மாறும் துணைக்கருவியோடு வந்தது. 2013இல் உபுண்டு எட்ஜ் கைப்பேசிக்காகப் பொதுமக்களிடம் 3.2 கோடி டாலர் திரட்ட முயன்றார்கள். கிடைத்த உறுதிமொழி சுமார் 1.28 கோடி டாலர்தான். 2015இல் மைக்ரோசாஃப்ட் தன் லூமியா 950 கைப்பேசியைத் திரையோடு இணைத்துக் கணினியாக்கிக் காட்டியது. அந்தக் கைப்பேசி வரிசையே பிறகு நின்றுபோனது. சாம்சங்கின் டெக்ஸ் 2017 முதல் தொடர்கிறது. ஆயினும் மேசையிலிருந்து கணினியை அது விலக்கிவிடவில்லை. இவற்றின் பின்னடைவுக்குக் காரணங்கள் பல. ஒன்று மட்டும் தெளிவு: எல்லா வேலையையும் செய்யும் திறன் ஒரு கருவிக்கு இருப்பதாலேயே மக்கள் எல்லா வேலையையும் அதில் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை.

திறன் இருந்தால் போதுமா?

ஒரு சாதாரண வீட்டுக் கணினியில் என்னென்ன நடக்கின்றன என்று பார்க்க வேண்டும். வங்கிக் கணக்கும் வருமான வரிக் கணக்கும் அதில்தான். முன்பின் தெரியாதவர் அனுப்பிய மின்னஞ்சல் இணைப்பும் அதில்தான் திறக்கப்படுகிறது. பிள்ளை எங்கிருந்தோ இறக்கிய விளையாட்டும் அதே கணினியில், பெரும்பாலும் அதே பயனர் கணக்கில் ஓடுகிறது. மேசைக் கணினிகளின் வழக்கமான அமைப்பில், ஒரு பயனர் இயக்கும் நிரல் அந்தப் பயனர் படிக்கக்கூடிய கோப்புகள் அனைத்தையும் தானும் படிக்கலாம். விளையாட்டோடு ஒட்டிவந்த திருட்டு நிரல், பிரவுசர் சேமித்து வைத்துள்ள கடவுச்சொற்களையும் குக்கீகளையும் எடுத்து அனுப்பிவிட முடிகிறது. உள்நுழைந்த நிலையைக் குறிக்கும் குக்கீ கைமாறினால் பல தளங்களில் கடவுச்சொல்லோ ஓடிபியோ கேட்கப்படாமலேயே கணக்கு திறந்துகொள்ளும். இந்த ஆபத்தில் கணினியின் வேகத்துக்கோ ரேம் அளவுக்கோ எந்தப் பங்கும் இல்லை. வேலைகள் சேர்ந்திருப்பதே ஆபத்து.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. ஜெரோம் சால்ட்ஸர், மைக்கேல் ஷ்ரோடர் இருவரும் 1975இல் வெளியிட்ட ஆய்வுரை கணினிப் பாதுகாப்பின் அடிப்படைப் பாடமாக இன்றும் கற்பிக்கப்படுகிறது. ஒரு நிரலுக்கு அதன் வேலைக்குத் தேவையானதைத் தாண்டி அதிகாரம் தரக் கூடாது என்பது அதிலுள்ள ஒரு கோட்பாடு. பலர் பொதுவாகச் சார்ந்திருக்கும் உறுப்புகளை இயன்றவரை குறைக்க வேண்டும் என்பது இன்னொன்று. எல்லா வேலைகளும் குவிந்த கணினி இரண்டையும் ஒருசேர மீறுகிறது.

இக்கோட்பாடு நடைமுறைக்கு வந்த தருணங்களும் உண்டு. ஜீயஸ் என்ற திருட்டு நிரல் அமெரிக்கச் சிறு நிறுவனங்களின் வங்கிக் கணக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்த 2009இல், அந்நாட்டு நிதித்துறை அமைப்புகள் வணிகர்களுக்கு ஓர் அறிவுரை வழங்கின: இணைய வங்கிக்கென்றே தனிக் கணினி வையுங்கள், அதில் மின்னஞ்சலும் இணைய உலாவலும் வேண்டாம். 2013இல் எட்வர்ட் ஸ்னோடன் வெளிக்கொணர்ந்த அமெரிக்க உளவு ஆவணங்களைப் படிக்க வேண்டியிருந்த பாதுகாப்பு வல்லுநர் புரூஸ் ஷ்னையர், அதற்காக இணையத்தில் ஒருமுறைகூட இணைக்கப்படாத புதிய கணினி ஒன்றை வாங்கி அதிலேயே வேலை செய்தார். மென்பொருள் தடுப்புகளைப் பற்றி அவரைவிட அதிகம் அறிந்தவர் சிலரே. அவர் நம்பியது தனிக் கணினியை.

பாதுகாப்பைத் தவிர, வேலைகளைப் பிரிக்கச் சொல்லும் காரணங்கள் இன்னும் இரண்டு உள்ளன. முதலாவது நேரக் கட்டுப்பாடு. ஒலிப்பதிவில் வினாடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கப்படுகின்றன. 128 மாதிரிகளை ஒரு தொகுப்பாகக் கையாண்டால் ஒவ்வொரு தொகுப்புக்கும் கணினிக்குக் கிடைக்கும் அவகாசம் சுமார் 2.7 மில்லி வினாடி. அந்த இடைவெளிக்குள் வைரஸ் தடுப்பானோ தானியங்கிப் புதுப்பிப்போ குறுக்கிட்டால் பதிவில் வெடிப்பொலி கேட்கும். செயலி எவ்வளவு வேகமானதாயினும் தவறான நேரத்தில் வரும் குறுக்கீட்டை அது ஈடுசெய்யாது. அதனால்தான் ஒலிக்கூடங்களில் பதிவுக் கணினியை இணையத்திலிருந்து விலக்கி, ஒருமுறை சரியாக அமைத்ததும் மாற்றாமல் வைத்திருக்கும் வழக்கம் உண்டு.

இரண்டாவது, மாற்றத்தின் வேகம். வங்கிப் பணிக்கான கணினி அன்றாடம் புதுப்பிக்கப்பட வேண்டும். வேறு சில வேலைகளுக்கு மாறாத கணினி வேண்டும். தமிழ் அச்சகங்களிலும் டிடிபி மையங்களிலும் நெடுங்காலம் புழங்கிய பேஜ்மேக்கர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் 7.0 பதிப்பு 2001இல் வந்தது. அதற்குப் பின் புதிய பதிப்பு இல்லை. அது யூனிகோடை அறியாது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அமைக்கப்பட்ட பழைய நூல் கோப்புகளைப் பிழையின்றித் திறக்க, அந்த மென்பொருளும் அந்த எழுத்துருக்களும் அப்படியே உள்ள பழைய கணினியே நம்பகமான வழி. அத்தகைய கணினி பலவும் ஓட்டும் விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடு பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டன. அதை இணையத்தில் இணைப்பது ஆபத்து. ஒரே கணினியை நம்புபவர், பழைய கோப்புகளை இழப்பதா, பாதுகாப்பை இழப்பதா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். இரண்டு கணினி வைத்திருப்பவருக்கு அந்த இக்கட்டே இல்லை.

மென்பொருளால் பிரித்தால் போதாதா?

எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் இதுதான். தனித்தனிப் பயனர் கணக்குகள், மெய்நிகர் கணினிகள், ஒரு வேலைக்கு ஒரு பெட்டி என்று பிரித்துத் தரும் கியூப்ஸ் போன்ற இயங்குதளங்கள் எல்லாம் இருக்க, இரும்பையும் கண்ணாடியையும் ஏன் பெருக்க வேண்டும்?

இவை பயனுள்ளவை என்பதில் ஐயமில்லை. எந்தப் பிரிவும் இல்லாததைவிட இவற்றால் வரும் பிரிவு எவ்வளவோ மேல். ஆனால் மென்பொருள் பிரிவு எதை அளவுகோலாக வைத்து வளர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். இத்துறையின் மூல நூல்களில் ஒன்றாகக் கருதப்படும் ஜான் ரஷ்பியின் 1981ஆம் ஆண்டு ஆய்வுரை, ஒரு பிரிப்பு அமைப்பின் இலக்கை இப்படி வரையறுக்கிறது: தனித்தனிக் கணினிகளைக் குறிப்பிட்ட தடங்களால் மட்டும் இணைத்தால் என்ன சூழல் கிடைக்குமோ, அதிலிருந்து வேறுபடுத்திக் காண முடியாத சூழலை ஒரே கணினிக்குள் உருவாக்குவது. அதாவது மென்பொருள் பிரிவு எட்ட முயலும் உச்சமே தனிக் கணினிதான். போலியைச் சிறப்பாகச் செய்ய முடிகிறது என்பதைக் காட்டி அசல் தேவையில்லை என்று வாதிடுவது பொருந்தாது.

போலி எங்கே விரிசல் விட்டது என்பதற்கும் சான்றுகள் உண்டு. 2015 மே மாதம் வெளியான வெனம் என்ற பிழை, மெய்நிகர் கணினிகளை இயக்கும் க்யூஇஎம்யு மென்பொருளின் ஃபிளாப்பி டிரைவ் பகுதியில் இருந்தது. ஃபிளாப்பியை யாரும் பயன்படுத்தாத காலத்திலும் அந்தப் பகுதி உள்ளே இருந்துகொண்டிருந்தது. ஒரு மெய்நிகர் கணினிக்குள் இருப்பவர் தடுப்பை உடைத்து வெளியேற அது வழி திறந்துவிட்டது. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற குறைகள் அறிவிக்கப்பட்டபோது செயலியின் வடிவமைப்பே ஒரு நிரலின் இரகசியத்தை இன்னொன்றுக்குக் கசியவிடும் என்பது தெரிந்தது. இயங்குதளங்களையும் மேகக் கணினிச் சேவைகளையும் அவசரமாகத் திருத்த வேண்டியிருந்தது. இரண்டுக்கும் மூலக் காரணம் ஒன்றே: எதிரெதிரான இருவர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொண்டார்கள்.

வீட்டுக்குள் எத்தனை தடுப்புச் சுவர் எழுப்பினாலும் கூரை ஒன்றுதான். மடிக்கணினி திருடுபோனால் அதிலுள்ள எல்லா மெய்நிகர் கணினிகளும் சேர்ந்தே போகின்றன. தண்ணீர் கொட்டினாலும், எஸ்எஸ்டி செத்தாலும், மதர்போர்டு பழுதானாலும் அதே கதை. அதோடு, மெய்நிகர் கணினிகளைச் சரியாக அமைக்கவும் பராமரிக்கவும் தேர்ச்சி வேண்டும். வங்கி வேலைக்கு இந்தக் கணினி, மற்றதற்கு அந்தக் கணினி என்ற விதியைப் பத்து வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பாட்டியும் பிழையின்றிக் கடைப்பிடிக்கலாம். பாதுகாப்பில் எளிமைக்கு ஈடான வலிமை வேறில்லை.

பழுது வரும் நாள்

ஒரு கணினிக் கொள்கையின் பெருங்குறை அந்தக் கணினி பழுதாகும் நாளில் வெளிப்படும். இயங்காத கணினியை மீட்க வேண்டுமானால், இயங்குதளத்தைப் பென் டிரைவில் ஏற்ற வேண்டும். அதற்கு இயங்கும் கணினி ஒன்று வேண்டும். விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு மீட்புச் சாவியைக் கேட்டு நின்றால், பல வீட்டுக் கணினிகளில் அந்தச் சாவி மைக்ரோசாஃப்ட் இணையக் கணக்கில்தான் இருக்கும். அதைப் பார்க்க வேறொரு கருவி வேண்டும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பாதுகாப்பு முறையில் இயக்கிப் பிழைக் கோப்பை நீக்க வேண்டியிருந்தது. வழிமுறையைப் படிக்கவும் சாவியைத் தேடவும் பாதிக்கப்படாத இன்னொரு கருவி இருந்தவர்களே வேலையைத் தொடங்க முடிந்தது.

இரண்டாவது கணினியின் மதிப்பைத் திரையுலகம் 1998இல் கண்டறிந்தது. பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' உருவாகிக்கொண்டிருந்தபோது, தவறாக இடப்பட்ட ஓர் அழிப்புக் கட்டளையால் படத்தின் கோப்புகள் கண்ணெதிரே மறைந்தன. பேக்கப் ஒழுங்காக எடுக்கப்பட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தொழில்நுட்ப மேற்பார்வையாளரான கேலின் சூஸ்மன், குழந்தை பெற்ற பின் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதற்காக வீட்டில் ஒரு கணினி வைத்திருந்தார். அதில் படத்தின் நகல் இருந்தது. அந்தக் கணினியைக் காரில் ஏற்றிக் கொண்டுவந்து கோப்புகளை மீட்டார்கள். பெரும் நிறுவனத்தின் முறைப்படியான ஏற்பாடு தோற்ற இடத்தில் காப்பாற்றியது, வேறொரு வேலைக்காக வேறொரு இடத்தில் இருந்த இன்னொரு கணினி.

புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரப்பிய 3-2-1 விதியும் இதையே சொல்கிறது: மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில். எல்லா நேரமும் அதே கணினியில் செருகியிருக்கும் வன்தட்டு இதை நிறைவேற்றாது. கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் நிரல், செருகியிருக்கும் வன்தட்டையும் சேர்த்தே பூட்டிவிடும்.

கைப்பேசியே போதும் என்ற வாதம்

ஒரு கணினிக் கொள்கையின் புதிய வடிவம், கணினியே வேண்டாம், கைப்பேசி போதும் என்பது. கைப்பேசி இயங்குதளங்கள் செயலிகளை (ஆப்களை) ஒன்றையொன்று அண்டவிடாமல் பிரித்து வைப்பதில் மேசைக் கணினிகளைவிட முன்னேறியவை. இதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கைப்பேசியில் எல்லாம் குவிந்ததால் இழந்தது ஒன்று உண்டு.

இணையவழி அட்டைப் பணம் செலுத்துதலுக்கு இரண்டாவது சரிபார்ப்பு தேவை என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2009 ஆகஸ்ட் முதல் நடைமுறைக்கு வந்தது. கணினியில் பணம் செலுத்துவோருக்கு நாளடைவில் ஓடிபி கைப்பேசிக்கு வரத் தொடங்கியது. திருடனுக்கு இரண்டும் கிடைத்தால்தான் பணம் போகும். இரண்டு கருவி என்பதே அந்த ஏற்பாட்டின் உயிர். வங்கிச் செயலியும் ஓடிபி வரும் குறுஞ்செய்தியும் ஒரே கைப்பேசியில் அமர்ந்ததும் அந்த இடைவெளி மறைந்தது. போக்குவரத்து அபராதம், வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகள் இந்த இடத்தில்தான் கைவைக்கின்றன. கோப்பை நிறுவி, குறுஞ்செய்தி படிக்கும் அனுமதியையும் கொடுத்தவரின் ஓடிபி நேரே மோசடிக்காரர் கைக்குப் போகிறது. இரண்டு பூட்டு போட்டுவிட்டு இரண்டு சாவியையும் ஒரே கொத்தில் கோர்ப்பதைச் சிக்கனம் என்று சொல்ல முடியாது.

பணமும் சூழலும்

இரண்டாவது கணினி என்றதும் இன்னொரு புதிய கணினியின் விலையை எதிர்த்தரப்பு கணக்கிடுகிறது. இரண்டாவது கணினி பெரும்பாலும் பழைய கணினி. விண்டோஸ் 11, 2021 அக்டோபரில் வந்தபோது டிபிஎம் 2.0 சில்லையும், இன்டெல் கணினிகளில் ஏறத்தாழ எட்டாம் தலைமுறைச் செயலியையும் கட்டாயமாக்கியது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. நன்றாக இயங்கும் கணினிகள் ஏராளமாக ஒரே நாளில் 'பழையவை' ஆகிவிட்டன. அவற்றில் எடை குறைந்த லினக்ஸை ஏற்றினால் எழுத, படிக்க, கோப்புகளைச் சேமித்து வைக்க இன்னும் பல ஆண்டு உழைக்கும். தமிழ்நாட்டில் 2011 முதல் அரசு, அரசு உதவி பெறும் நிறுவனங்களின் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகள் பல வீடுகளில் உள்ளன. விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றில் ஏற்றித் தரப்பட்டது. மின்கலம் செத்துவிட்டது என்பதற்காக அலமாரியில் முடங்கியவை, மின் இணைப்பில் வைத்தாலே மீண்டும் பயன்படக்கூடியவை.

சுற்றுச்சூழல் வாதமும் எதிர்த்திசையில்தான் நிற்கிறது. ஒரு மடிக்கணினியின் ஆயுட்காலக் கரிம உமிழ்வில் பெரும்பங்கு அதன் உற்பத்தியிலேயே நிகழ்ந்துவிடுகிறது. பயன்பாட்டு மின்சாரத்தின் பங்கு குறைவு. உலக மின்னணுக் கழிவு குறித்த ஐ.நா. அறிக்கையின்படி 2022இல் உருவான கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு. எல்லா வேலையும் ஒரே கணினியில் என்றால், மிகக் கனமான வேலைக்கு அது போதாதபோது முழுக் கணினியையும் மாற்றத் தோன்றும். பழையது கழிவாகும். வேலைகளைப் பகிர்ந்து வைத்தால் கனமான வேலைக்கு மட்டும் புதியது. மற்றவை பழையதிலேயே தொடரும். ஒவ்வொரு கணினியும் தன் முழு ஆயுளையும் வாழும்.

மின்கட்டணத்தையும் கணக்கிடலாம். இரவு பகலாக இயங்கவேண்டிய வேலை, எடுத்துக்காட்டாக வீட்டுக் கோப்புகளைக் காத்து வைப்பது, 80 வாட் இழுக்கும் மேசைக் கணினியில் நடந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 700 யூனிட் ஆகும். அதையே 10 வாட் அளவில் ஓடும் பழைய மடிக்கணினியில் வைத்தால் 88 யூனிட் போதும். சிறு வேலைக்குச் சிறு கணினி என்ற பகிர்வு மின்சாரத்தைக் கூட்டுவதில்லை, குறைக்கிறது.

கோப்புகள் சிதறும் என்ற அச்சம்

இரண்டு கணினிகளில் கோப்புகள் சிதறுவது உண்மையான தொல்லை. ஆனால் அதற்குக் காரணம் கணினிகளின் எண்ணிக்கை இல்லை; ஒரே வேலையை இரண்டிலும் செய்வது. கணக்கு வேலை ஒன்றில், எழுத்து வேலை இன்னொன்றில் என்று பிரித்துவிட்டால் ஒரே கோப்பின் இரண்டு வடிவங்கள் உருவாக வழியே இல்லை. பிளான் 9 இதற்குத் தந்த விடை இன்றும் செல்லும்: கோப்புகளுக்கு ஒரே வீடு, அதை அணுகும் மேசைகள் பல. அதன் கோப்புக் கணினி அன்றன்றைய நிலையை அழிக்க முடியாத ஒளித்தட்டுகளில் பதிந்து வைத்தது. நேற்றைய கோப்பையும் போன ஆண்டின் கோப்பையும் எடுத்துப் பார்க்க முடிந்தது.

இரண்டு கணினியிலும் தொட்டாக வேண்டிய கோப்புகளுக்கும் கருவிகள் முதிர்ந்துவிட்டன. 1996இல் வந்த ஆர்சிங்க் மாறிய பகுதியை மட்டும் நகலெடுக்கும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய கிட், உலகெங்கும் இருக்கும் ஆயிரக்கணக்கான நிரலாளர்கள் தனித்தனிக் கணினிகளில் ஒரே நிரலைத் திருத்தி, குழப்பமின்றி ஒன்றுசேர்க்க வழி செய்தது. சிதறலை அஞ்சி ஒரே கணினியில் அடைத்து வைப்பவர், அந்த ஒன்று போனால் எல்லாம் போகும் என்ற பெரிய ஆபத்தை விலையாகக் கொடுக்கிறார்.

கவனம்

நான்கு வாதங்களுக்கும் வெளியே, பகிர்வின் நன்மை இன்னொன்று உண்டு. ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போது முதல் வேலையின் எச்சம் மனத்தில் தங்கி இரண்டாவதைப் பாதிக்கிறது என்று சோஃபி லெராய் 2009இல் தம் ஆய்வில் காட்டினார். தூக்கமின்மைக்கு ரிச்சர்ட் பூட்சின் 1972இல் முன்வைத்து, இன்றும் மருத்துவர்கள் பரிந்துரைக்கும் சிகிச்சை, படுக்கையைத் தூக்கத்துக்காக மட்டும் ஒதுக்கச் சொல்கிறது. இடமும் செயலும் பழக்கத்தால் பிணைகின்றன என்பது அதன் அடிப்படை. இவை கணினிகளை அளந்த ஆய்வுகள் அல்ல. ஆயினும் எழுதுவதும் அரட்டையும் செய்தியும் விளையாட்டும் ஒரே திரையில் ஒரு சொடுக்குத் தொலைவில் இருக்கும்போது என்ன நேரும் என்பதை விளக்க உதவுகின்றன. நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் தம் புதினங்களை இணையமே இல்லாத டாஸ் கணினியில், வேர்ட்ஸ்டார் 4.0 மென்பொருளில் எழுதுகிறார். மின்னஞ்சலுக்கும் இணையத்துக்கும் அவரிடம் வேறு கணினி உண்டு. இணையத்தைத் தடுக்கும் செயலியை ஒரு நொடியில் அணைத்துவிடலாம். இணையமே இல்லாத கணினியில் அணைக்க ஒன்றுமில்லை.

பகிர்வின் விதிகளும் எல்லையும்

எண்ணிக்கையைக் கூட்டினால் மட்டும் இந்த நன்மைகள் வந்துவிடாது. இரண்டு கணினியிலும் ஒரே கடவுச்சொல், ஒரே பிரவுசர் கணக்கு, ஒத்திசைத்த கடவுச்சொல் பட்டியல் என்று வைத்தால், ஒன்றில் நுழைந்தவர் இரண்டிலும் நுழைந்தவரே. 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை நிரல், அதற்கு இரண்டு மாதம் முன்பே வந்திருந்த திருத்தத்தை ஏற்காத கணினிகளை வலையமைப்பு வழியாக ஒன்றன்பின் ஒன்றாக வீழ்த்தியது. பகிர்வு என்பது எல்லை வகுப்பது. எல்லை இல்லாத இடத்தில் இரண்டு கணினியும் ஒன்றே.

எல்லை வகுக்க எளிய வரிசை உண்டு. முதலில் பணமும் அடையாள ஆவணங்களும்: இவற்றைத் தொடும் கணினி புதுப்பிக்கப்பட்டதாக, நிரல்கள் குறைந்ததாக, பிள்ளைகளும் விருந்தினரும் கைவைக்காததாக இருக்க வேண்டும். அடுத்து, தெரியாத கோப்புகள், விளையாட்டு, பரிசோதனை: இவற்றுக்கான கணினியில் இழக்கக்கூடாத எதுவும் இருக்கக் கூடாது. மூன்றாவது, நகல்கள்: இவற்றைக் காக்கும் கணினி, மற்ற கணினிகளிலிருந்து தானே கோப்புகளை இழுத்துக்கொள்ளட்டும், தன்னை அழிக்கும் அதிகாரத்தை அவற்றுக்குத் தரக் கூடாது. ஆதரவு முடிந்த இயங்குதளத்தில் ஓடும் பழைய மென்பொருள் இருந்தால் அது இணையமே இல்லாத கணினியில் இருக்கட்டும். அதற்குள் செல்லும் பென் டிரைவும் கண்காணிக்கப்பட வேண்டும். ஈரானின் நட்டான்ஸ் அணு நிலையத்தை 2010இல் அம்பலமான ஸ்டக்ஸ்நெட் தாக்கியது, யுஎஸ்பி வழியாக இணையமற்ற அமைப்புகளுக்குள்ளும் நிரல் நுழைய முடியும் என்பதற்கு அறியப்பட்ட சான்று.

இரண்டு கணினி பெரும்பாலோருக்குப் போதும். தொழில்முறைத் தேவை உள்ளவருக்கு மூன்று. அதற்குமேல் போனால் புதுப்பிக்கப்படாத கணினிகள் பெருகி, அவையே ஓட்டையாகும். கவனித்துப் பராமரிக்க முடிந்த அளவே வைத்துக்கொள்ளத்தக்க அளவு. ஒரு கணினி வாங்குவதே கடினமான வீட்டில், அந்த ஒன்றில் தனிப் பயனர் கணக்குகளும், கழற்றி வைக்கும் வன்தட்டில் நகலும், விளையாட்டுக்கும் பணத்துக்கும் வெவ்வேறு பிரவுசர்களும் வைப்பது செய்யத்தக்கது; அந்த வீட்டின் கைப்பேசியும் ஒரு கணினியே என்பதால் பகிர்வை அங்கிருந்தே தொடங்கலாம். வசதி இருந்தும், அலமாரியில் இயங்கும் கணினி ஒன்று கிடந்தும், பணம், ஆவணம், நினைவுப் படங்கள், பிள்ளைகளின் விளையாட்டு அனைத்தையும் ஒன்றில் குவிப்பவர் சேமிப்பது எதுவுமில்லை. ஒரு பிழைக்கோ ஒரு திருட்டுக்கோ அனைத்தையும் பணயம் வைக்கிறார் என்பதே அந்தச் சிக்கனத்தின் முழுக் கணக்கு.